சைக்கிள் மார்ட் பெயரில் போன சட்டை

நாடாக்காரியின் இடது கை துணியை நகர்த்த, வலது கைக் கட்டைவிரல் தையலை நீவிக்கொண்டே பின்னால் வந்தது. படுக்கையில் கிடப்பவருக்குத் தைக்கும் சட்டையில் தையல் மடிப்பு உள்பக்கம் வரக் கூடாது. ஓயாமல் ஒரே பக்கம் படுத்திருக்கும் உடம்புக்கு ஒரு நூல் முடிச்சு போதும், தோல் உரிந்துவிடும். அதனால் அவள் மடிப்பை வெளிப்பக்கம் பார்த்துத் தைப்பாள். பார்க்கிறவர்களுக்குச் சட்டையைத் திருப்பிப் போட்ட மாதிரி இருக்கும். "இருக்கட்டும், போட்டுக்கிறவர் குறை சொல்லலையே" என்பாள். முதுகு முழுக்கத் திறப்பு, கழுத்தில் ஒரு நாடா, இடுப்பில் ஒரு நாடா, பொத்தான் கிடையாது. அந்த நாடாக்களால்தான் அவளுக்கு அந்தப் பெயர் வந்தது. அவளுடைய சொந்த அம்மாகூட இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

என் வாசலுக்கு எதிர் வாசல் அவர்களுடையது. நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தவள் நான் என்பதால், புதிதாக ஒரு சட்டை தைத்து முடிந்ததும் அதை மாமனாருக்குப் போட்டுப் பார்ப்பதை என்னிடம் விட்டிருந்தாள். மாமனார் என்பது ஒரு பொம்மை. பழைய சைக்கிள் டியூபுகளையும் கந்தலையும் அடைத்து, ஆள் கனத்துக்கு அவள் புருஷன் செய்து கொடுத்தது. கை மடங்காது, இடுப்பு எழும்பாது, எந்தச் சட்டையையும் லேசில் போட்டுக்கொள்ளாது. நிஜ மாமனாரும் உயிரோடு இருந்தபோது அப்படித்தானாம். இதைப் புருஷன் வெளியே போயிருந்த நேரத்தில் சொன்னாள்.

அந்த மாமனார் தன் பெயரைப் போட்டு நடத்தியதுதான் சைக்கிள் மார்ட். அவருக்குப் பின் மகன் நடத்தினார். குனிந்து குனிந்து வேலை செய்து முதுகெலும்புத் தட்டு நழுவிய பிறகு கடையை மூடினார். தெருவில் இன்னும் அவருக்குச் சைக்கிள்காரர் என்றுதான் பெயர். மனைவி அப்போது ஒரு தையல் ஆலையில் நாள் முழுக்கக் காலர் மட்டும் தைத்துக்கொண்டிருந்தாள். இந்தப் படுக்கைச் சட்டைகளை இணையத்தில் 'நாடா உடுப்பு' என்று ஒரு பக்கம் திறந்து விற்க ஆரம்பித்ததும் ஆலையை விட்டாள். இப்போது வீட்டு வாடகை, அவருடைய முதுகு வைத்தியம், மகளின் விடுதிச் செலவு எல்லாம் இந்த ஒரு மெஷினிலிருந்துதான். அவர் பார்சல் கட்டுவார். பழுப்புக் கவர், வெளியே கடைப் பெயர் கிடையாது. இப்படிச் சட்டை வாங்குவது அக்கம்பக்கத்துக்குத் தெரிய வேண்டாம் என்று வாங்குபவர்கள் நினைப்பதால் அப்படி ஒரு ஏற்பாடு.

அன்று மதியம் மாமனாரை ஒருக்களித்துத் திருப்பிச் சட்டையை முதுகுக்கு அடியில் செருகிக்கொண்டிருந்தேன். சைக்கிள்காரர் போனை நீட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

"இந்தா, இதைக் கொஞ்சம் பாரு. விளம்பரம்னு நெனச்சு விட்டுட்டே இருந்தேன். சனியன், திரும்பத் திரும்ப வருது."

அவள் மெஷினை நிறுத்தாமல் எட்டிப் பார்த்தாள். பிறகு நிறுத்தினாள்.

கார்டில் வரும் பணத்தை வாங்கித் தரும் கம்பெனியிடமிருந்து வந்த செய்தி அது. உங்கள் மீதான புகாருக்குப் பதில் தர நாளை பகல் பன்னிரண்டு மணி கடைசி, விவரம் மின்னஞ்சலில் என்று இருந்தது.

"எந்த மெயில்ல? எனக்கு ஒன்னும் வரலையே."

"அது... கடை மெயில்ல வந்திருக்கும்."

"நம்ம கடைக்கு என் மெயில்தானே?"

"சைக்கிள் கடை மெயில்" என்றார் அவர், மாமனாரைப் பார்த்துக்கொண்டு.

கடையில் முன்பே கார்டு தேய்க்கும் மெஷின் வைத்திருந்தார்கள். புதிதாகக் கணக்குத் திறக்க வேண்டுமானால் அலைச்சல், கையெழுத்து, காத்திருப்பு. பழைய கணக்கையே இணையக் கடைக்கு மாற்றிக்கொண்டால் போயிற்று என்று அவர்தான் அப்போது ஏற்பாடு செய்தார். அந்தக் கணக்கில் கொடுத்திருந்த மின்னஞ்சலை ஷட்டர் இறக்கியதோடு அவர் மறந்தும்விட்டார். பாஸ்வேர்டு மட்டும் மறக்கவில்லை. அது அப்பா பெயர்.

திறந்தால், டயர் கம்பெனி, பெல் கம்பெனி, பம்ப் கம்பெனி என்று ஊரிலுள்ள விளம்பரமெல்லாம் அடைந்து கிடந்தது. அவற்றுக்கு நடுவே, வந்து இரண்டு வாரமாகியும் பிரிக்காமல் கிடந்தது புகார்க் கடிதம்.

டிஸ்ப்யூட் எனப்படும் இந்தப் புகாரை முதலில் எனக்கும் ஒருமுறை விளக்க வேண்டியிருந்தது. கார்டுக்காரர் தன் பேங்கைக் கூப்பிட்டு "இந்தச் செலவு என்னுடையது இல்லை" என்று சொல்கிறார். பேங்க் உடனே விற்றவரிடமிருந்து பணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. அதற்கு மேல் ஒரு அபராதமும் உண்டு. நிரூபிக்க வேண்டியது விற்றவர் பாடு. அடித்துவிட்டுப் பிறகு என்ன தப்பு செய்தாய் என்று கேட்கும் வாத்தியார் மாதிரி.

நாடாக்காரிக்கு இது மூன்றாவது. முதல் டிஸ்ப்யூட் வந்ததே அவளுக்குத் தெரியாது, பணம் குறைந்த பிறகுதான் தெரிந்தது. இரண்டாவதற்கு, கம்பெனியிலிருந்தே யாரோ போன் செய்து சொன்னதால், பதில் எழுதினாள். தான் ஆலையில் பட்ட பாடு, புருஷன் முதுகு, ராப்பகலாகத் தைப்பது என்று ஒன்றரைப் பக்கம். அதைப் படித்தவர் யாராக இருந்தாலும் அழுதிருப்பார். தோற்றுப்போனாள். அதில் கூரியர் ரசீது இல்லை, ஆர்டர் எண்கூட இல்லை.

இந்தக் கடிதத்தின் அடியில் வேறு ஒன்று எழுதியிருந்தது. அவள் அதை மட்டும் சத்தமாகப் படித்தாள். மூன்றாவது புகாரும் உங்களுக்கு எதிராக முடிந்தால் கார்டு வசதி நிறுத்தப்படும்.

அவளிடம் வாங்குபவர்களில் முக்கால்வாசிப் பேர் தூரத்திலிருக்கும் பிள்ளைகள். அப்பாவோ அம்மாவோ ஓரிடத்தில் கிடப்பார்கள், பணம் கட்டுபவர் வேறோரிடத்தில் இருப்பார். கார்டு இல்லையென்றால் அந்த வியாபாரம் இல்லை.

சைக்கிள்காரர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். அவருக்குப் பதற்றம் வந்தால் கை முந்திக்கொள்ளும்.

"என்ன பண்றீங்க?"

"ரீஃபண்ட் போட்டு விட்டுடறேன். பணம்தானே கேக்குறான்? மூஞ்சில விட்டெறிஞ்சா புகாரும் போயிடும்."

"கையை எடுங்க."

"ஏய், ஒரு சட்டைக் காசுக்காகக் கடையே..."

"கையை எடுங்கன்னேன்!" கையிலிருந்த கத்திரிக்கோலோடு எழுந்து வந்துவிட்டாள். வெட்ட வந்தாளா, வைக்க மறந்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் கையை எடுத்தார்.

கம்பெனியின் உதவி எண்ணைக் கூப்பிட்டாள். பாட்டு ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. நான் மாமனாருக்கு இடுப்பு நாடாவைக் கட்டி முடித்தேன். கடைசியில் ஒரு பெண் குரல் வந்தது. களைத்த குரல், ஆனாலும் வேலை தெரிந்த குரல்.

"மேடம், ரீஃபண்ட் எதுவும் கொடுத்துட்டீங்களா?"

"இன்னும் இல்லம்மா. ஒருத்தர் கொடுக்கப் போனாரு, புடிச்சு வெச்சிருக்கேன்."

"நல்ல வேளை. பணத்தைப் பேங்க் ஏற்கெனவே எடுத்துடுச்சு. இப்ப நீங்களும் கொடுத்தா ரெண்டு தடவை போயிடும். டிஸ்ப்யூட்டும் போகாது, அது எண்ணிக்கையில அப்படியே நிக்கும்."

சைக்கிள்காரர் தன் கையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கூரியர்ல கையெழுத்துப் போட்டு வாங்கின ரசீது இருக்கும்மா. அது போதுமா?"

"பொருள் வந்து சேரலைன்னு சொல்லியிருந்தா அது போதும் மேடம். இவர் நான் வாங்கவே இல்லைன்னு சொல்றார். கார்டுக்காரருக்கும் இந்த ஆர்டருக்கும் சம்பந்தம் இருக்குன்னு காட்டணும். அவங்களோட பேசின மெசேஜ் எதுவும் இருந்தா முழுசா அனுப்புங்க. வெட்டினது, மறைச்சது அனுப்பினா பேங்க் ஏத்துக்காமப் போகலாம். இன்னொன்னு, பதிலை ஒரு தடவைதான் அனுப்ப முடியும். அனுப்பிட்டா அப்புறம் ஒரு புள்ளிகூடச் சேர்க்க முடியாது."

"எது இருந்தா கண்டிப்பா ஜெயிக்கலாம்?"

"கண்டிப்பான்னு நான் சொல்லக் கூடாது மேடம். ஆனா கார்டுக்காரரே இது என் செலவுதான், தெரியாம புகார் பண்ணிட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா, அதுக்கு மேல பேங்க்ல யாரும் வாதாட மாட்டாங்க."

போனை வைத்ததும் ஆர்டரைத் தேடினாள். கிடைத்தது. ஆர்டர் செய்தவர் ஒரு பெண். மூன்று நீலச் சட்டைகள், வலது கை அகலமாக. கார்டு ஓர் ஆணின் பெயரில். அளவு கேட்டு அந்தப் பெண்ணோடு நடந்த உரையாடல் நாடாக்காரியின் போனில் இருந்தது. உருட்டிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நிறுத்தி, போனைத் தன் நெஞ்சோடு சாய்த்துக்கொண்டு வாசித்தாள்.

"'அப்பாவோட முதுகு இப்படி இருக்கு. வலது கையைத் தூக்க முடியாது. அண்ணன் கார்டுல பணம் கட்டியிருக்கேன்.'"

"அடி சக்கை!" சைக்கிள்காரர் தொடையில் தட்டினார். "இதைவிட என்ன வேணும்? அனுப்பு அனுப்பு."

"இது படத்துக்குக் கீழே எழுதினது. படத்தோட சேர்ந்துதான் வரும்."

"வரட்டுமே!"

"துணியில்லாமப் படுத்திருக்காருங்க அந்த மனுஷன். புண்ணு தெரியணும்னு அந்தப் பொண்ணு எடுத்து அனுப்பியிருக்கு. இதை எவன் எவன் மேஜைக்கோ அனுப்பச் சொல்றீங்களா?"

"பேங்க்ல ஒருத்தன் பார்க்கப்போறான். தெருமுனையிலயா ஒட்டப்போறோம்?"

"படத்தை யாருக்கும் காட்ட மாட்டேன்னு நெட்டுல என் கடைப் பக்கத்துல எழுதி வெச்சிருக்கேன். நீங்களே பார்த்ததில்லை."

அது உண்மை. எனக்கும் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை.

"அக்கா, நீங்களாவது சொல்லுங்க" என்று என் பக்கம் திரும்பினார். "வீடு நடுத்தெருவுக்கு வந்தப்புறம் மானம் மரியாதைன்னு பேசி என்ன பிரயோசனம்?"

"நோயாளியைத் துடைக்கிறதுக்கு முன்னால கதவைச் சாத்தணும்னு எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாங்க தம்பி. அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

"ரெண்டு பேரும் கூட்டு" என்றார்.

நாடாக்காரி அந்தப் பெண்ணின் எண்ணைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். எடுக்கவில்லை. அவள் மெஷினில் போய் உட்கார்ந்து ஒரு சட்டைக் கையை ஏற்றினாள், அது கோணலாகப் போனது, பிரித்தாள். நான் அவளைப் பார்த்த இத்தனை வருஷத்தில் அவள் தையலைப் பிரித்து நான் பார்த்ததில்லை. சாயங்காலம் தெருவில் பள்ளிப் பிள்ளைகள் சத்தம் கேட்க ஆரம்பித்தபோது அந்தப் பெண்ணே கூப்பிட்டாள். நாடாக்காரி போனை எல்லாருக்கும் கேட்கும்படி மேஜைமேல் வைத்தாள்.

"நான் அப்பாவுக்குச் சட்டை தெச்சுக் கொடுத்தவ பேசறேன்மா. அப்பா எப்படி இருக்காரு?"

"அப்பா போயிட்டாருக்கா. போன மாசம்."

நாடாக்காரி என்னைப் பார்த்தாள். விஷயத்தை எப்படி எடுப்பது என்று கண்ணில் கேள்வி. நேராகச் சொல் என்று கையைக் காட்டினேன். துக்க வீட்டில் சுற்றி வளைத்துப் பேசினால் அவர்களுக்குத்தான் கூடுதல் சிரமம்.

சொன்னாள்.

"அய்யோ, அண்ணனா? அண்ணனுக்கு அது தெரியவே தெரியாதுக்கா. கார்டு என்கிட்டதான் இருந்துச்சு, அப்பா செலவுக்குன்னு கொடுத்திருந்தாரு. ஆனா இந்தச் சட்டைன்னு சொல்லல. அப்பா எழுந்து நடப்பாருன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. புதுசா பேன்ட் சட்டையெல்லாம் வாங்கி அடுக்கினாரு. முதுகு தெறந்த சட்டையைப் பத்தி நான் பேச்செடுத்தாலே, அதெல்லாம் எழுந்திருக்காதவங்களுக்குப் போடறது, எங்கப்பாவுக்கு வேணாம்னு கத்துவாரு. அதனால ஆஸ்பத்திரியில கொடுத்ததுன்னு சொல்லிட்டேன்."

"சரிம்மா. இப்ப..."

"நான் பணத்தை அனுப்பிடறேன்கா! இன்னிக்கே அனுப்பறேன். அண்ணனுக்கு மட்டும் தெரிய வேணாம். வீட்டுல இப்பத்தான் கொஞ்சம் அடங்கியிருக்கு."

சைக்கிள்காரர் வாங்கிக்கொள் என்று விரலால் மேஜையைக் குத்தினார். நாடாக்காரி தலையசைத்து மறுத்தாள்.

"பணத்துல ஆகிறதா இருந்தா நான் கூப்பிட்டே இருக்க மாட்டேன் கண்ணு. போனது போகட்டும்னு விட்டிருப்பேன். இந்தப் புகார் நின்னுச்சுன்னா என் கடையை மூடிடுவாங்க. உங்கண்ணன் கையால எழுதிக் கொடுத்தாத்தான் ஆகும். நீயே சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

அந்தப் பக்கம் எங்கோ ஒரு கதவு திறந்து மூடியது. பிறகு தூரத்தில், "அண்ணா, ஒரு நிமிஷம் வா" என்ற குரல்.

வந்தவர் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"நீங்கதான் அந்த சைக்கிள் கடையா?"

நாடாக்காரி முழித்தாள். "சைக்கிள் கடையா? இல்லைங்களே, நான் துணி..."

"என் ஸ்டேட்மென்ட்டை நான் பார்க்கலைன்னு நெனச்சீங்களா? ஏதோ சைக்கிள் மார்ட்னு போட்டிருக்கு. எங்கப்பா படுக்கையில கெடந்தாருங்க. கையைத் தூக்க முடியாதவர் வீட்டுக்கு எவனோ சைக்கிள் வாங்கின மாதிரி கணக்குக் காட்டினா, நான் சும்மா விடுவேனா?"

நான் சைக்கிள்காரரைப் பார்த்தேன். அவர் வாய் திறந்திருந்தது.

விற்கிறவர் வாங்குகிறவரின் ஸ்டேட்மென்ட்டை எங்கே பார்க்கப் போகிறார்? பழைய கணக்கு, பழைய பெயர். 'நாடா உடுப்பு' என்று பார்த்து வாங்கிய ஒவ்வொருவரின் கார்டுக் கணக்கிலும் இத்தனை நாளும் மாமனாரின் சைக்கிள் மார்ட்தான் பதிவாகிக்கொண்டிருந்தது. பழுப்புக் கவரின் வெளியேயும் பெயரில்லை, உள்ளேயும் ஒரு சீட்டில்லை. யாருக்குச் சந்தேகம் வராது?

"சார்," என்றாள் நாடாக்காரி. குரல் இறங்கியிருந்தது. "அது எங்க தப்பு. அதை அப்புறம் சொல்றேன். உங்கப்பாவுக்கு நீலத்துல சட்டை இருந்துச்சுங்களா? முதுகுப் பக்கம் நாடா கட்டுறது?"

"அது ஆஸ்பத்திரிச் சட்டை."

"ஆஸ்பத்திரிச் சட்டைக்கு ரெண்டு கையும் ஒரே அளவா இருக்கும் சார். அப்பா சட்டைக்கு வலது கை மட்டும் அகலம். அக்குள் வரைக்கும் தெறந்து ஒரு சின்ன நாடா இருக்கும். தையல் மடிப்பெல்லாம் வெளியில தெரியும்."

நாடாக்காரி போனை நோக்கிக் குனிந்தாள்.

"அதை நான்தான் தெச்சேன். சைக்கிள் மார்ட் என் மாமனார் கடை. கணக்கு அந்தப் பேர்ல நின்னுபோச்சு. உங்க தங்கச்சி தப்பு ஒன்னும் பண்ணல."

"காலைல நான்தான் அவருக்கு அந்த நாடாவைக் கட்டுவேன்" என்றார் அவர். யாரிடமும் சொல்வது போலில்லை. "எவனோ திருப்பித் தெச்சிருக்கான்னு நெனச்சேன்."

போன் துண்டிக்கப்பட்டது.

திரும்பக் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. அந்தப் பெண்ணும் எடுக்கவில்லை. நாடாக்காரி ஒரு செய்தி தட்டினாள். எழுதிக் கொடுப்பதாக இருந்தால் நாளை பகல் பன்னிரண்டு மணிக்குள் வேண்டும், என்ன எழுத வேண்டும் என்பது இது, அப்பாவின் படத்தை எதற்காகவும் யாருக்கும் அனுப்ப மாட்டேன், அந்தக் கவலை வேண்டாம். அனுப்பிய பிறகு எங்களுக்குப் படித்துக் காட்டினாள்.

சைக்கிள்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "கடைசி வரியை ஏன்டி எழுதினே? படம் இருக்கு, அனுப்பத்தான் போறோம்னு சொல்லியிருந்தா பயந்துக்கிட்டு இன்னிக்கே எழுதிக் கொடுத்திருப்பானே!"

"பயமுறுத்தி வாங்கறதுக்கு நான் என்ன வட்டிக்கடையா வெச்சிருக்கேன்?"

"கையில இருந்த ஒரே துருப்பை எதிராளிகிட்டயே குடுத்துட்டா. பாருங்கக்கா."

அவர் சொன்னதில் தப்பில்லை, எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் நான் சொல்லவில்லை. அவள் முகம் அப்படி இருந்தது. துருப்பைப் பற்றி அவள் யோசிக்கவே இல்லை, வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தாள்.

"முந்தின ரெண்டு பேரு" என்றாள். "அவங்களும் வாங்கலைன்னுதானே சொன்னாங்க? திருட்டுப் பசங்கன்னு நான் எத்தனை நாள் திட்டியிருப்பேன். அவங்களுக்கும் சைக்கிள்தானே தெரிஞ்சிருக்கும்?"

சைக்கிள்காரர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார்.

"கணக்குப் பேரை மாத்தலாம்னு நான் அன்னிக்கே கேட்டேன். என்ன சொன்னீங்க? சொல்லுங்க, அக்காவும் கேக்கட்டும்."

"இப்ப எதுக்கு அது?"

"சொல்லுங்க."

"ஏதாவது ஒரு இடத்துலயாவது அப்பா பேரு இருக்கட்டும்னேன்." ஜன்னலைப் பார்த்தே சொன்னார். "ஷட்டரை இறக்கியாச்சு, போர்டைக் கழட்டியாச்சு. காத்தடிக்கிற பம்ப்பைக்கூட எடைக்குப் போட்டாச்சு. ஒரு கணக்குதானேன்னு நெனச்சேன்."

நான் மாமனாரைச் சுவரோரம் சாய்த்துவிட்டு டீ போடப் போனேன். புருஷன் பெண்டாட்டி சண்டையில் நடுவே நிற்பதும் நாற்காலியாக இருப்பதும் ஒன்று, இரண்டு பேரும் தூக்கி அடிப்பார்கள். டீயோடு திரும்பி வந்தபோது அவர்கள் கம்ப்யூட்டர் முன்னால் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். சமாதானமாகவில்லை, வேலை இருந்தது.

பதிலைத் தயார் செய்தார்கள். இந்த முறை அழுகை இல்லை. ஆர்டர் எண், தேதி, என்ன வாங்கினார்கள், கார்டுக்காரரின் முகவரியும் பார்சல் போன முகவரியும் ஒன்றுதான் என்பது, கையெழுத்துப் போட்ட கூரியர் ரசீது, கணக்குப் பெயர் ஏன் சைக்கிள் மார்ட் என்று வருகிறது என்பதற்கு இரண்டு வரி. அவள் எழுதிய ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரில் அதற்கான தாளை வைத்தாள். தாள் இல்லாத வாக்கியத்தை அடித்தாள். சைக்கிள்காரரின் முதுகுவலி அப்படித்தான் அடிபட்டது. கடைசியில் ஓரிடம் காலியாக நின்றது. கார்டுக்காரருக்கு இதில் என்ன சம்பந்தம் என்பதற்கான இடம்.

படத்தின் மேல் கறுப்புப் பட்டை போட்டு, எழுத்து மட்டும் தெரியும்படி ஒரு பிரதி எடுத்து வைத்தாள்.

"இதையே வெச்சு இப்பவே அனுப்பிடலாம்" என்றார் சைக்கிள்காரர். "நாளைக்கு நெட்டு போச்சுன்னா? கரண்டு போச்சுன்னா?"

"ஒரு தடவைதான் அனுப்ப முடியும். அவர் எழுதிக் கொடுத்தா அதைச் சேர்க்க முடியாமப் போயிடும்."

"கொடுக்கலைன்னா?"

"மறைச்சதைப் போட்டு அனுப்புவோம்."

"ஏத்துக்கலைன்னா?"

"காலர் தைக்கப் போறேன். எனக்கென்ன புதுசா?" என்று சொல்லிவிட்டு நாற்காலியை அனுப்பும் பட்டனுக்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். நான் என் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை நான் போனபோது அவள் அந்தப் பிரித்த கையைத் திரும்ப ஏற்றிக்கொண்டிருந்தாள். இப்போது கோணவில்லை. சைக்கிள்காரர் பார்சல் கட்டுகிறேன் என்று ஒரே கவரை ஒட்டிப் பிரித்து ஒட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். ஒன்றும் வரவில்லை.

நான் மாமனாரைப் படுக்க வைத்துச் சட்டையை எடுத்தேன். கம்ப்யூட்டரில் மணியடித்தது. மூவரும் பாய்ந்தோம். டயருக்குத் தள்ளுபடி.

"இவனுங்க மட்டும் மறக்கவே மாட்டானுங்க" என்றார் சைக்கிள்காரர்.

பதினொன்றும் தாண்டியது. அவள் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள், மறைத்த படத்தைப் பதிலோடு சேர்த்தாள். சேர்த்துவிட்டுப் பட்டனை அழுத்தாமல் கையை மடியில் வைத்துக்கொண்டாள். "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்றாள். அந்த ஐந்து போய் இன்னொரு ஐந்து வந்தது. சைக்கிள்காரர் அவளுக்குப் பின்னால் நின்று நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

போன் அதிர்ந்தது. ஒரு தாளின் படம். கையால் எழுதியது, அடியில் கையெழுத்து.

'இந்தச் செலவு என் அப்பாவின் உடைக்காக என் கார்டில் என் தங்கை செய்தது. கார்டை நான்தான் அவளிடம் கொடுத்திருந்தேன். கடையின் பெயர் வேறாக இருந்ததால் தெரியாமல் புகார் செய்தேன். புகாரைத் திரும்பப் பெறுகிறேன். இதன் நகலை என் பேங்குக்கும் அனுப்பியிருக்கிறேன்.'

கீழே தனியாக ஒரு செய்தி இருந்தது. மூன்று சட்டையையும் துவைத்து வைத்திருக்கிறோம், திரும்ப எடுத்துக்கொள்வீர்களா, பணம் வேண்டாம்.

நாடாக்காரி முதலில் மறைத்த படத்தைப் பதிலிலிருந்து எடுத்தாள். காலி இடத்தில் அந்தக் கடிதத்தை வைத்தாள். மேலிருந்து கீழே ஒருமுறை படித்தாள். "நீங்க அழுத்துங்க" என்றாள். சைக்கிள்காரர் அழுத்தினார். பெற்றுக்கொண்டோம் என்று திரையில் வந்தது. பன்னிரண்டுக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது.

பிறகு அந்த மகனுக்குப் பதில் தட்டினாள். 'உடம்பில் பட்ட துணியை நாங்கள் திரும்ப எடுப்பதில்லை. நல்ல துணிதான், தேவைப்படுகிற யாருக்காவது கொடுங்கள். வலது கை அகலம் என்று சொல்லிக் கொடுங்கள்.' போனைத் திறந்து, அந்த முதுகின் படத்தை அழித்தாள். எழுந்து மெஷினுக்குப் போனாள்.

சைக்கிள்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். கணக்கின் உள்ளே போய்த் தேடினார். வாடிக்கையாளரின் ஸ்டேட்மென்ட்டில் வர வேண்டிய பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் அவருடைய அப்பா இருந்தார். ஒரேயடியாக அழிக்க வழி இருந்தும், பின்னாலிருந்து ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். 'நாடா உடுப்பு' என்று அடித்தார். மின்னஞ்சலையும் மனைவியுடையதாக மாற்றினார்.

"சரியா வந்திருக்கா பாரு."

அவள் மெஷினிலிருந்தே எட்டிப் பார்த்தாள். "ம்."

"அப்பா பேரு எங்கயும் இல்ல இப்ப."

"அதோ படுத்திருக்காரே" என்றாள், மாமனாரைக் காட்டி. "அக்கா, அவரைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க. வலது தோள்ல இழுக்குதான்னு பார்க்கணும்."

நான் திருப்பினேன். இழுக்கவில்லை. சைக்கிள்காரர் ஒரு வெள்ளைத்தாளைச் சீட்டுச் சீட்டாகக் கிழித்து, உங்கள் கார்டுக் கணக்கில் 'நாடா உடுப்பு' என்ற பெயர் வரும், ஏதாவது சந்தேகம் என்றால் பேங்குக்கு முன்னால் எங்களைக் கூப்பிடுங்கள் என்று ஒவ்வொன்றிலும் எழுதி, எண்ணைப் போட்டார். முதல் சீட்டை மடித்து, காலையிலிருந்து ஒட்டிப் பிரித்துக்கொண்டிருந்த அந்தக் கவருக்குள் வைத்து ஒட்டினார். வெளியே பெயர் எழுதவில்லை.